மூன்று விரற்கடை

ஓரம் பிசிறாக இருக்கும் காகிதத்தைக் கண்டால் பைண்டருக்குக் கை சும்மா இருக்காது. பேருந்துச் சீட்டானாலும் மருந்துக்கடைப் பொட்டலத் தாளானாலும், அவர் கைக்கு வந்ததும் முதலில் ஓரம் சரி செய்யப்படும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் பிறகுதான். ஒருமுறை குடும்பப் புகைப்படத்தைச் சட்டத்துக்கு ஏற்றபடி வெட்டியபோது, ஓரத்தில் நின்ற மைத்துனரின் பாதித் தோள் போய்விட்டது. மைத்துனர் அந்தக் கோபத்தில் இரண்டு வருடம் வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருவில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஓரம்வெட்டி’. அந்தப் பெயர் தமக்குத் தெரியாது என்பதுபோல அவர் நடந்துகொள்வார். தெருவும், அது அவருக்குத் தெரியாது என்பதுபோல நடந்துகொள்ளும்.

வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளே தொழிற்கூடம். ஒன்றில், ஆள் உயரச் சக்கரம் வைத்த வெட்டு இயந்திரம் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மற்றதில் அவருடைய மனைவி தரையில் அமர்ந்து தாள் கட்டுகளைத் தைத்துக்கொண்டிருப்பாள். மைதாவும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சிய பசை வாசனை பின்கட்டு வரை பரவியிருக்கும். அலுவலகப் பதிவேடுகள், பள்ளி விடைத்தாள் கட்டுகள், வழக்கறிஞர்களின் தடித்த கோப்புகள் என்று வருடம் முழுவதும் வேலைக்குக் குறைவில்லை. குறை மழைக்காலத்தில் மட்டும். காகிதம் ஈரத்தை வாங்கி உப்பும், பசை காயாது, வெட்டினால் ஓரம் நார் நாராக எழும். மழை விடும் வரை பைண்டர் யாருடனும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

அந்த மழைக்காலத்தில் அவர் பேசாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மகன் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

பதினேழு வயதில், கூட்டாளிகள் இரண்டு பேரோடு ஒரு கிடங்கின் பூட்டை உடைக்கப் போனவன் அவன். தடுக்க வந்த காவலாளி படியில் உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டார். இன்றைக்கும் அவர் கோலூன்றித்தான் நடக்கிறார். நீதிமன்றம் மூன்று வருடம் சீர்திருத்தப் பள்ளியில் இருக்கச் சொன்னது. இரண்டு வருடம் நான்கு மாதம் முடிந்தபோது, நன்னடத்தையின் பேரில், மீதி எட்டு மாதத்தை வீட்டில் கண்காணிப்பில் கழிக்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அத்தனை காலத்தில் தாய் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பார்த்து வந்தாள். பைண்டர் ஒருமுறையும் போகவில்லை. அந்த இடத்தின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தாயும் ‘அங்க’ என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டாள். அங்கே அவன் மோட்டாருக்குக் காயில் என்னும் கம்பிச் சுருள் கட்டப் படித்தான், முதல் வகுப்பில் தேறினான் என்பதெல்லாம் அந்த ‘அங்க’வுக்குள்ளேயே அடங்கிப் போயின. வாடிக்கைக்காரர்கள் கேட்டால், “மாமா வீட்டுல தங்கிப் படிக்கிறான்” என்று பைண்டர் சொல்லுவார். பாதித் தோளை இழந்த மைத்துனர் அந்த வகையில் மட்டும் பயன்பட்டார்.

மகன் வீட்டில் நடமாடிய விதம் பைண்டருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, போர்வையைச் சதுரமாக மடித்து வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் யாரோ வந்து தலை எண்ணப்போவதுபோல நிற்பான். தட்டை இடது கையால் அணைத்துக்கொண்டு நாலே வாயில் தின்று முடிப்பான். யார் கூப்பிட்டாலும் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒருநாள், மூன்று வருடமாகச் சுற்றாமல் கிடந்த தொழிற்கூடத்து மின்விசிறியைக் கழற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனான். கருகிய கம்பியை உருவிவிட்டு, கம்பி உட்காரும் காடிகளுக்குப் புதிய காகிதம் வெட்டிச் செருகி, உதட்டுக்குள் சுற்றுகளை எண்ணி எண்ணிப் புதுக் கம்பி கட்டினான். சாயங்காலம் விசிறி சுற்றியது. தாள்கள் பறந்தன. பைண்டர் ஓர் இரும்புத் துண்டை எடுத்துத் தாள்களின் மேல் வைத்தார். ஆனால் விசிறியை நிறுத்தச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாய் வந்து, மறுநாள் பையன் பம்பு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான், சான்றிதழோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், மழையில் நனையாமல் கொண்டுபோக ஏதாவது செய்து கொடுங்கள் என்றாள். எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் ‘அங்க’ என்று தொடங்க வேண்டும் என்பதால் அவளும் சொல்லவில்லை.

வேலை என்ற சொல் பைண்டரின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்றைத் தளர்த்திவிட்டது. அட்டைக்கு மேல் ஒட்டும் நல்ல கருநீலக் காலிகோ துணியை எடுத்தார். இரண்டு அட்டை அறுத்தார். மூலைகளுக்குத் தோல் வைத்தார். வழக்கறிஞர்களுக்குக்கூட அப்படி ஒரு கோப்பு அவர் கட்டியதில்லை. கடைசியில், அளவு பார்ப்பதற்காகச் சான்றிதழை உறையிலிருந்து உருவினார்.

மேலே அரசு இலச்சினை. நடுவில் மகனின் பெயர், தொழிலின் பெயர், முதல் வகுப்பு. அடியில், மூன்று விரற்கடை அகலத்தில், அந்த இடத்தின் முழுப் பெயர், பதிவு எண், ஊதா முத்திரை, கண்காணிப்பாளரின் கையெழுத்து.

பம்பு கம்பெனி எழுத்தர் அவருடைய எட்டு வருட வாடிக்கைக்காரர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேடுகளைக் கட்டக் கொண்டுவருவார், டீ குடித்துக்கொண்டே, “தம்பி மாமா வீட்டுல எப்படிப் படிக்கிறாரு?” என்று விசாரிப்பார். நாளைக்கு இந்தக் காகிதம் அவருடைய மேஜைக்குத்தான் போகும். அந்த முத்திரையை அவர் பார்ப்பார். பிறகு பைண்டரைப் பார்ப்பார்.

பிள்ளையின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று பைண்டர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பாதி உண்மைதான். தாளை இயந்திரத்தில் வைத்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மூன்று விரற்கடை தனியே வந்தது. அடிப்பக்கம் குறைந்தது தெரியாமலிருக்க மற்ற மூன்று பக்கங்களிலும் ஒவ்வொரு நூல் அளவு வெட்டினார். நாலு பக்கமும் விளிம்பு ஒரே அளவு. பிறந்ததிலிருந்தே அந்தத் தாள் அப்படித்தான் இருந்தது என்று சத்தியம் செய்யலாம்.

வெட்டிய துண்டு கெட்டியான, நல்ல காகிதம். கோப்பின் முதுகுக்கு உள்ளே ஒரு பட்டை வைக்க வேண்டும். அகலம் அளந்து வெட்டியதுபோலச் சரியாக இருந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் கை அதை எடுத்து, எழுத்தை உள்பக்கமாகத் திருப்பி, பசை தடவி, முதுகில் பதித்து, நீளம் போதாத இடத்துக்கு வேறொரு துண்டு சேர்த்து, துணியால் மூடிவிட்டது.

காலையில் கோப்பை நாடா போட்டுக் கட்டி மகனிடம் நீட்டினார். இரண்டு வருடம் நாலு மாதத்துக்குப் பிறகு தகப்பன் கையால் கொடுத்த முதல் பொருள் அது.

“வழியில பிரிக்காத. ஈரம் ஏறிடும். அங்க போய்த் திற” என்றார்.

மகன் இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு போனான். மத்தியானமே திரும்பி வந்தான். சட்டை ஒட்ட நனைந்திருந்தது. கையில் கோப்பு இல்லை. “எடுக்கல” என்று தாயிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டான். பைண்டர், எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தார். நல்ல வேளை, முத்திரையையாவது பார்க்கவில்லை என்றும் நினைத்தார்.

புதன்கிழமை கண்காணிப்பு அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, நாற்காலி வேண்டாமென்று ஒரு விடைத்தாள் கட்டின் மேல் உட்கார்ந்தார். மகன் சுவரோரம், கைகளைப் பின்னால் கட்டி நின்றான். தாயின் ஊசி பாதித் தையலில் நின்றது.

“ஐயா, நான் யாரையும் மிரட்ட வரல. நடந்ததச் சொல்லிட்டுப் போறேன்” என்று அதிகாரி தொடங்கினார். “அந்தக் கம்பெனி ஃபோர்மேன் எங்க பள்ளிக்கே வந்து, முப்பது பேரு வேலை செய்யறதப் பாத்து, அஞ்சு பேரத் தேர்ந்தெடுத்தாரு. முதல் பேரு உங்க பையன்தான். அங்க படிச்சவன்னு தெரிஞ்சேதான் கூப்பிட்டாங்க. அவங்களுக்கு வேண்டியதே சான்றிதழோட அடிப்பக்கம்தான். இவன் என்னடான்னா அத வெட்டி எறிஞ்சுட்டுப் போய் நிக்கிறான்.”

பைண்டரின் கையில் மடிப்புத் தேய்க்கும் எலும்புத் துண்டு இருந்தது. அது அப்படியே நின்றது.

“ஃபோர்மேனுக்குப் பெரிய வருத்தம். ‘நானே போய்க் கூட்டிட்டு வந்தேன், என்கிட்டயே மறைக்கிறான்னா நாளைக்கு எத நம்பி மெஷின் முன்னால நிறுத்துறது’ன்னு கேக்கிறாரு. இன்னொரு சான்றிதழ் எழுதிப் போட்டா ஆறு மாசத்துல வந்துடும். ஆனா அரசாங்கக் காகிதத்துல கை வச்சதுக்கு என்ன பதில்? நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கம்பெனியில உக்காந்து பேசறோம். அவங்க எழுத்துல புகார் கொடுத்துட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மீதி எட்டு மாசத்துக்குத் திரும்பிப் போகணும். பின்னால காத்திருக்கிற நாலு பையங்களுக்கும் கதவு அடைஞ்சிடும்.”

“வெட்டினது…” என்றாள் தாய்.

“கேட்டோம்மா. ‘நான்தான்’ங்கறான். அங்க இருக்கிற எழுத்தர்கூட, ‘இது கை பழகின வெட்டா இருக்கேப்பா’ன்னாராம். ‘எங்கப்பா மெஷின்ல நானே வெட்டினேன். அவருக்குத் தெரியாது’ன்னுட்டான்.”

தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவனே கட்டிய காயில். பைண்டரின் தொண்டை வரைக்கும் ஒரு சொல் வந்தது. அவர் வாயைத் திறந்தார்.

“டீ குடிக்கிறீங்களா?” என்றார்.

அதிகாரி வேண்டாமென்று எழுந்தார். போகும்போது மகனின் தோளைத் தொட்டு, நாளைக்குச் சரியான நேரத்துக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வெகுநேரம் தாய் தைத்துக்கொண்டிருந்தாள். கணவனோடு அவள் நேருக்கு நேர் சண்டை போட்டதில்லை. கோபம் வந்தால் பசைச் சட்டியோடு பேசுவாள். அன்றும் அதைக் கிளறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“கேட்டியா சட்டி, ஒரு முள்ளம்பன்றி இருந்துச்சாம். அதுக்கு ஒரு குட்டி. முயலுங்க வளைக்குக் காவல் வேணும்னு அந்தக் குட்டியக் கூப்பிட்டு விட்டுச்சுங்களாம். அப்பங்காரன் என்ன பண்ணினான்? முள்ளோட போனா பிள்ளையப் பாத்து முகஞ்சுளிப்பாங்கன்னு, உக்கார வச்சு ஒவ்வொரு முள்ளாப் பிடுங்கி, மழமழன்னு அனுப்பி வச்சானாம். முயலுங்க பாத்துச்சு. ‘நாங்க கூப்பிட்டது முள்ளம்பன்றிய. நீ யாருடா தோலுரிச்ச பெருச்சாளி?’ன்னு கதவச் சாத்திடுச்சுங்க. குட்டி என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘முள்ள நானேதான் பிடுங்கிக்கிட்டேன்’னுச்சாம்.”

பைண்டர் தலை நிமிராமல், “அப்புறம்?” என்றார்.

“அப்புறம் எனக்குத் தெரியாது. மீதிக் கதைய அப்பங்காரன்தான் சொல்லணும்.” கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிவிட்டு, சட்டியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். “இந்த வீட்டுல அந்த மாதிரி வெட்ட ரெண்டு ஜோடிக் கை கிடையாதுங்க. எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.”

பின்கட்டில் மகன் உடைந்த குழாய் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். பைண்டர் போய் நின்றதும் எழுந்து கையைப் பின்னால் கட்டினான். அந்தக் கைகளை முன்னால் எடு என்று சொல்ல நினைத்தவர், வேறொன்றைக் கேட்டார்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

மகன் தரையைப் பார்த்துப் பேசினான். “கோப்பத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சுப்பா. அந்த எழுத்தர் உங்ககிட்ட வர்றவருன்னு அம்மா சொல்லியிருக்கு. நீங்க மாமா வீடுன்னு சொல்லி வச்சிருக்கீங்க. என்னையப் பத்தித்தான் எல்லாருக்கும் தெரியுமே. அதோட இன்னும் ஒண்ணு சேந்தா ஒண்ணும் ஆகிடாது. உங்களுக்குன்னா ஆகும்.”

“எட்டு மாசம்டா.”

“அங்க பழகிடுச்சுப்பா” என்றான் மகன். அதைக் குறையாகச் சொல்லவில்லை; மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னான். “கோப்பு நல்லா இருந்துச்சு. எல்லாரும் கையில வாங்கிப் பாத்தாங்க.”

பைண்டர் அன்று சாப்பிடவில்லை. தொழிற்கூடத்தில் கழிவுச் சாக்குகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அந்தத் துண்டைத் தேடினார். தாள் நறுக்குகளுக்கு நடுவே முழங்கால் வரை நின்று, நிமிர்ந்து, முதுகை ஒருமுறை பிடித்துக்கொண்டார். முதுகைத் தொட்டதும்தான், அது எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் மகன் முன்னால் போய்விட்டான். பைண்டர் ஒரு துணிப்பையில் சிறிய கத்தி, பசைச் சிமிழ், மெல்லிய ஒட்டுத்தாள், எலும்புத் துண்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கம்பெனி வாசலில் காவலாளி பையைத் துழாவி, கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு, கையைத் தூக்கச் சொல்லி உடம்பையும் தடவிப் பார்த்தான். மழையில் கையைத் தூக்கி நின்றபோது, மாதாமாதம் தம் மனைவி இப்படித்தானே நின்றிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

வார்னிஷ் நெடி அடிக்கும் சிறிய அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஃபோர்மேனும் எழுத்தரும். இந்தப் பக்கம் அதிகாரி. மகன் சுவரோரம் நின்றான். மேஜை மேல் கருநீலக் கோப்பு.

“அட, வாங்க பைண்டரே” என்றார் எழுத்தர். சொல்லிவிட்டு, மகனைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டார்.

பைண்டர் உட்காரவில்லை. கோப்பை எடுத்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு கத்தி கொடுங்கள் என்று கேட்டார். எதற்கென்று தெரியாமல் ஃபோர்மேன், காடிக் காகிதம் வெட்டும் கத்தியை நீட்டினார். பைண்டர் அதைக் கோப்பின் முதுகில் வைத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தார். காலிகோ துணி பிளந்தது. கைக்குட்டையை டம்ளர் தண்ணீரில் நனைத்து உள்பட்டையின் மேல் வைத்துக் காத்திருந்தார். பசை இளகியதும், எலும்புத் துண்டைச் செருகி, நகம் நகமாக நெம்பி எடுத்தார். ஊதா முத்திரை சற்றே கலங்கியிருந்தது. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளை பாடம் வாசிப்பதுபோல, உரக்க வாசித்தார்.

“அரசு சீர்திருத்தப் பள்ளி. தொழிற்பயிற்சிப் பிரிவு. பதிவு எண் நூத்திப் பதினேழு.”

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வருவது அதுவே முதல் தடவை. பிறகு எழுத்தர் பக்கம் திரும்பினார்.

“இவன் மாமா வீட்டுல இல்ல சார். ரெண்டு வருஷம் நாலு மாசம் அங்கதான் இருந்தான். நான் ஒரு நாளும் போய்ப் பாக்கல. உங்க மேஜைக்கு இந்த முத்திரை வந்துடக் கூடாதுன்னு வெட்டினது நான். அவனுக்குத் தெரியாது. நேத்து இவங்க வீட்டுக்கு வந்து சொன்னப்பவும் வாய மூடிக்கிட்டு நின்னேன். புகார் எழுதணும்னா என் பேர்ல எழுதுங்க.”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபோர்மேன் மகனைப் பார்த்து, ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டார். மகன் தகப்பன் கையிலிருந்த துண்டையே பார்த்தான். “காடிக்குக் காகிதம் இவ்வளவு சுத்தமா வெட்டுறியே, யாருகிட்டடா கத்துக்கிட்டன்னு அன்னைக்கு இவனக் கேட்டேன்” என்றார் ஃபோர்மேன், பைண்டரிடம். “‘எங்கப்பாவச் சின்ன வயசிலேருந்து பாத்துப் பாத்து வந்தது’ன்னான்.”

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். பைண்டர், நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். புகார் கொடுக்கவில்லை என்று ஃபோர்மேன் சொன்னார். வேலை விஷயம் தம் கையில் மட்டும் இல்லை, மேலே விளக்கம் சொல்லியாக வேண்டும், இரண்டு வாரம் போகட்டும் என்றும் சொன்னார். அது கிடைக்கும் என்பதுபோலவும் இருந்தது. கிடைக்காது என்பதுபோலவும் இருந்தது. எழுத்தர் அந்தக் காலாண்டுப் பதிவேடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“இத நானே ஒட்டிக் கொடுத்துடறேன்” என்றார் பைண்டர்.

வெட்டிய தாளையும் துண்டையும் சேர்த்து வைத்தார். தடம் தெரியாமல் ஒட்டும் வித்தை அவருக்குத் தெரியும். கிழிந்த பத்திரங்களை வழக்கறிஞர்களுக்கு அப்படி ஒட்டிக் கொடுத்தவர்தான். அன்று அப்படிச் செய்யவில்லை. சேர்ந்த இடத்தின் மேல் ஒட்டுத்தாளைப் பட்டையாக, யார் பார்த்தாலும் தெரியும்படி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். அன்றைக்குப் பக்கங்களில் ஒவ்வொரு நூல் வெட்டியிருந்ததால் சான்றிதழ் குறுகியிருந்தது. துண்டு பழைய அளவிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் அது ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

எழுத்தர் இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். “ஓரம் நீட்டிக்கிட்டு இருக்கே பைண்டரே. வெட்டிடலாமா?”

பைண்டர் அந்த ஓரத்தைப் பார்த்தார்.

“வேணாம் சார். இருக்கட்டும்” என்றார். கையை எடுக்கவில்லை. “மழை நாளு. காயக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.”